பருத்தியால் ஆன கவசம்

கவசம் என்றதும் நம் மனத்தில் எழுவது இரும்பு. அருங்காட்சியகங்களும் திரைப்படங்களும் நம்மை அப்படிப் பழக்கியிருக்கின்றன. ஆனால் சோழமண்டலக் கரையின் போர்வரலாற்றில் பஞ்சுக்கும் நூலுக்கும் உரிய இடம் பெரிது. இக்கரையின் பழந்துறையான பழவேற்காட்டோடு சேர்த்துப் பார்த்தால் அது நன்கு விளங்கும்.

இடைக்கால மெய்க்கவசங்களை மூன்று வகைகளில் அடக்கலாம். முதலாவது வளையக் கவசம். இரும்புக் கம்பியைக் கோலின்மேல் சுருளாகச் சுற்றி, வளையங்களாக வெட்டி, முனைகளைத் தட்டித் துளையிட்டு, ஒவ்வொன்றையும் அண்டை வளையங்கள் நான்கோடு கோத்து ஆணியறைந்து மூடுவர். ஒரு சட்டைக்குப் பல்லாயிரம் வளையங்கள் வேண்டும். இரண்டாவது தகட்டுக் கவசம். மார்பு, முதுகு, இரு விலாக்கள் ஆகியவற்றை நான்கு தகடுகளால் மறைக்கும் 'சார் ஆயினா' முகலாயர் காலத்தில் புகழ்பெற்றிருந்தது. 'நான்கு கண்ணாடிகள்' என்பது அப்பெயரின் பொருள்.

மூன்றாவதுதான் நம் பொருள்: பல மடிப்புத் துணிகளுக்கிடையே பஞ்சைத் திணித்து நெருக்கமாகத் தைத்த மெத்தைச் சட்டை. வளையம் வாளின் வெட்டைத் தடுக்கும். அடியின் அதிர்வைத் தாங்கப் பஞ்சே வேண்டும். ஆகவே வளையக் கவசம் அணிந்தவரும் உள்ளே பஞ்சுச் சட்டை அணிந்தனர். ஐரோப்பியர் அதனை 'ஆக்கெட்டன்' என்றனர். பருத்தியைக் குறிக்கும் 'அல் குத்ன்' என்ற அரபுச் சொல்லே அதன் வேர்.

விஜயநகரப் பேரரசின் துறைமுகங்களுள் ஒன்றாகப் பழவேற்காடு விளங்கியபோது அப்படையினர் அணிந்தது என்ன? 1520இல் நிகழ்ந்த ராய்ச்சூர்ப் போரை விவரிக்கும் போர்த்துகீசியக் குதிரை வணிகர் நூனிஸ், வில்லாளரும் துப்பாக்கி வீரரும் மெத்தைச் சட்டை அணிந்திருந்ததையும், பஞ்சு வைத்துத் தைத்த தலைக்காப்புகளையும் குறிப்பிடுகிறார். வெயிலில் இரும்பு கொதிக்கும். உப்பங்கழிக் காற்றிலோ துருவேறும். நங்கூரத்தையும் ஆணியையும் உப்பு எப்படி அரிக்கும் என்பதைப் பழவேற்காட்டு ஏரிக்கரை மீனவர் நன்கறிவர். பஞ்சு மலிவானது, எடை குறைந்தது. கிழிந்தால் ஊசியும் நூலும் போதும்.

பழவேற்காடோ துணியால் உலகறிந்த ஊர். அதன் வண்ணத் துணிகள் மலாக்காவரை சென்றன. ஆங்கிலத்தில் ஒருவகைக் கைக்குட்டைக்கே இவ்வூரின் பெயர் வழங்கியது. 1610இல் இங்கே காலூன்றிய டச்சுக்காரர்கள் 1613இல் ஜெல்டிரியாக் கோட்டையை எழுப்பினர். பின்னர் இங்கே இயங்கிய வெடிமருந்து ஆலையின் சரக்கு பத்தாவியாவரை போயிற்று. துணியால் பெயர்பெற்ற ஊரிலிருந்தே, துணிக் கவசத்தைப் பயனற்றதாக்கும் கரும்பொடியும் கப்பலேறியது! ஆயினும் பஞ்சுச் சட்டை உடனே மறைந்துவிடவில்லை. 18ஆம் நூற்றாண்டின் மைசூர்ப் படைவரை அது நீடித்தது.

துணி மட்கிவிடும், கரையான் அரித்துவிடும். எனவே அருங்காட்சியகங்களில் இரும்பே மிகுதியாக எஞ்சுகிறது. சிற்பங்களில் திறந்த மார்போடு நிற்கும் வீரரைக் கண்டு, நம் முன்னோர் கவசமறியாதவர் என்று முடிவு கட்டிவிடுகிறோம். பதிற்றுப்பத்து சேர மன்னனைத் தன் வீரர்க்கு 'மெய்ம்மறை' என்கிறது. மெய்யை மறைப்பது எதுவோ அதுவே மெய்ம்மறை. அது இரும்பாகத்தான் இருக்க வேண்டும் என்று அச்சொல் எங்கும் வற்புறுத்தவில்லை. நம் கவச வரலாற்றைக் கொல்லன் பட்டறையில் மட்டும் தேடினால் போதாது. தறியிலும் தையலூசியிலும் தேட வேண்டும்.