பிரதேச சபையின் கடன் யார் தலையில்? தோட்டத்தில் இருந்து கணக்குக் கேட்பது எப்படி

கேகாலை மாவட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். லயத்துக்கு முன்னால் இருக்கும் பாதை, மழை பெய்தால் ஓடையாகிவிடும். அதைத் திருத்தித் தருமாறு கேட்கப் போனவர்களிடம், "சபைக்குக் கடன் இருக்கிறது, இந்த வருடம் ஒன்றும் செய்ய முடியாது" என்று பிரதேச சபையில் சொல்லியிருக்கிறார்கள். அன்று பின்னேரம் நான் அங்கே போயிருந்தபோது, கொழுந்து நிறுத்துவிட்டு வந்த ஒரு அக்கா கேட்டார்: "கடன் வாங்கினது யாரு? எதுக்கு வாங்கினாங்க? நாங்க ஒரு பைசா கண்டதில்லையே."

பக்கத்தில் நின்ற இளைஞர் ஒருவர், "இதுவும் அந்தப் பிணைமுறி மாதிரியா?" என்றார். 2015 பெப்ரவரியில் நடந்த மத்திய வங்கிப் பிணைமுறி விவகாரத்துக்குப் பிறகு அந்தச் சொல் லயங்களுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. அது திருட்டைக் குறிக்கும் சொல் என்றே பலர் நினைக்கிறார்கள்.

அந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடி நான் எழுதிய கடிதங்களின் அனுபவத்தில் இருந்து இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். சம்பந்தப்பட்ட சபையின் பெயரைச் சொல்லவில்லை. எந்தச் சபையிலும் இதே வழிமுறைதான்.

பிணைமுறி என்றால் என்ன, இங்கே இருக்கிறதா?

பிணைமுறி என்பது ஒரு கடன் பத்திரம். இவ்வளவு பணம் வாங்கினேன், இத்தனை வருடத்தில் இந்த வட்டியோடு திருப்பித் தருவேன் என்ற வாக்குறுதி அது. அரசாங்கங்கள் மட்டுமல்ல, நகர சபைகளும் இப்படிப் பணம் திரட்டுவதுண்டு. இந்தியாவில் அகமதாபாத் மாநகராட்சி 1998இல் 100 கோடி ரூபாய்க்குப் பிணைமுறி வெளியிட்டது. சென்னை மாநகராட்சியின் பிணைமுறி 2025இல் தேசியப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது.

சந்தைக்குப் போகும் நகரசபை தன் கணக்கைத் திறந்து காட்டியே ஆக வேண்டும். அதற்கென்றே இந்தியப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையமான செபி 2015இல் விதிகள் கொண்டுவந்தது. பணம் போடுகிறவர் கணக்குக் கேட்பார், பதில் வராவிட்டால் பணம் போடமாட்டார்.

எங்கள் பிரதேச சபைகள் சந்தையில் பிணைமுறி விற்பதில்லை. அவை கடன்படும் வழி வேறு. முக்கியமானது உள்ளூர்க் கடன் மற்றும் அபிவிருத்தி நிதியம். 1916ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் ஒன்றின் கீழ் உருவான இந்த நிதியம், உள்ளூராட்சி மன்றங்களுக்குக் கடன் கொடுக்கிறது. வெளிநாட்டுக் கடனில் நடக்கும் திட்டங்களும் உண்டு. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு நடந்த 'புர நெகும' அப்படியான ஒன்று.

இந்தக் கடன்களுக்குப் பங்குச் சந்தையில் கேள்வி கேட்கும் ஆள் இல்லை. கடன் கொடுப்பதும் அரசு, வாங்குவதும் அரசு. ஆகவே கணக்குக் கேட்க வேண்டியவர்கள் அந்தச் சபையின் எல்லைக்குள் வாழும் மக்கள்தான். நாங்கள் கேட்காவிட்டால் வேறு யாரும் கேட்கப்போவதில்லை.

தோட்டத்து மக்களுக்கு இதில் என்ன பங்கு?

"தோட்டம் கம்பனியுடையது, சபைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை" என்ற பதிலை எட்டியாந்தோட்டையில் இருந்து இறக்குவானை வரை கேட்கலாம். நீண்ட காலமாக அதற்குச் சட்டத்தையும் காட்டினார்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவைச் சுட்டி, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிட முடியாது என்றார்கள். தோட்ட மக்கள் வாக்களித்துத் தெரிவான உறுப்பினர்களே தங்கள் லயத்துக்கு ஒரு தெரு விளக்குப் போட முடியாமல் நின்றார்கள்.

2018இல் பாராளுமன்றம் அந்தப் பிரிவைத் திருத்தியது. பெருந்தோட்டத் தரப்பினரோடு கலந்தாலோசித்து, வீதி, கிணறு, பொது வசதிகளைச் சபை இப்போது செய்து கொடுக்கலாம். ஆகவே "சட்டம் விடவில்லை" என்ற பதில் இன்று செல்லாது. "காசில்லை, கடன் இருக்கிறது" என்பதே மிஞ்சியிருக்கும் பதில். அதனால்தான் கடனின் கணக்கு முக்கியமாகிறது.

இன்னொன்றும் உண்டு. பயிர்செய்கைக் காணிகளுக்கு ஏக்கர் வரி அறவிடும் அதிகாரம் சபைக்கு இருக்கிறது. தோட்டக் காணியில் இருந்து சபைக்கு எவ்வளவு வந்தது, அதே தோட்டத்துக்கு எவ்வளவு திரும்பிப் போனது என்ற இரண்டு எண்களையும் ஒரே தாளில் கேட்டு வாங்குங்கள். மேடைப் பேச்சுகளால் வராத தெளிவு அதில் வரும்.

சட்டம் என்ன தருகிறது?

அரசியலமைப்பின் 19ஆவது திருத்தம் 2015இல் 14அ என்ற உறுப்புரையைச் சேர்த்தது. தகவல் பெறும் உரிமை அதன்படி அடிப்படை உரிமை. உள்ளூராட்சி மன்றங்களும் அதில் வெளிப்படையாகவே குறிப்பிடப்பட்டுள்ளன. அதைச் செயற்படுத்துவது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அது 2017 பெப்ரவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. நினைவில் வைத்திருக்க வேண்டியவை:

• விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. ஆர்.ரி.ஐ. 01 என்ற படிவம் உண்டு, ஆனால் வெள்ளைத் தாளில் எழுதினாலும் போதும். எழுத முடியாதவர் வாயால் சொல்லலாம், தகவல் அலுவலர் அதை எழுத்தில் எடுக்க வேண்டும்.

• ஏன் கேட்கிறீர்கள் என்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

• விண்ணப்பம் கிடைத்ததற்கு எழுத்தில் ஒப்புகை தர வேண்டும்.

• 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். தருவதாக முடிவெடுத்தால் அடுத்த 14 நாட்களுக்குள் தர வேண்டும். பெரிய அளவிலான ஆவணங்கள் என்றால் மேலும் 21 நாட்கள் வரை எடுக்கலாம், அதற்கான காரணத்தைச் சொல்ல வேண்டும்.

• உயிர், தனிப்பட்ட சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவலுக்கு 48 மணித்தியாலத்தில் பதில் தர வேண்டும். 2016 மே மாதம் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மண்சரிவைக் கண்ட மாவட்டம் இது. உங்கள் லயம் இருக்கும் சரிவைப் பற்றிய ஆபத்து அறிக்கையைக் கேட்கும்போது இந்த ஏற்பாட்டைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

• ஏ4 தாளில் முதல் நான்கு பக்கங்கள் இலவசம். அதற்கு மேல் ஒரு பக்கப் பிரதிக்கு 2 ரூபாய்.

எதைக் கேட்பது?

"ஏன் பாதை போடவில்லை?" என்று எழுதினால், பதிலாக ஒரு விளக்கம்தான் வரும். சட்டம் உங்களுக்குத் தருவது ஆவணத்தைப் பெறும் உரிமை. ஆகவே ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். நான் கேட்டவை இவை:

1. கடந்த பத்து ஆண்டுகளில் சபை பெற்ற ஒவ்வொரு கடனும்: யாரிடம், எந்தத் திகதியில், எவ்வளவு, என்ன வட்டி, எத்தனை வருடத் தவணை. ஒப்பந்தங்களின் பிரதிகள்.

2. அந்தக் கடன்களைப் பெற அனுமதித்த சபைத் தீர்மானத்தின் கூட்டக் குறிப்பு.

3. இன்றைய நிலுவையும், வருடாந்தம் கட்டும் தவணையும்.

4. கடன் பணத்தில் செய்யப்பட்ட வேலைகளின் பெயர், இடம், ஒப்பந்தத் தொகை.

5. தோட்டங்களில் இருந்து வருடாவருடம் கிடைத்த ஏக்கர் வரி. அதே வருடங்களில் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிட்ட தொகை.

6. கணக்காய்வாளர் தலைமை அதிபதி சபைக்கு அனுப்பிய வருடாந்த அறிக்கைகளும், அவற்றுக்குச் சபை அளித்த பதில்களும்.

இரண்டாவது கேள்வியில் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். 2018 பெப்ரவரியில் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச் 19ஆம் திகதியோடு முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் அதிகாரிகளே சபைகளை நடத்தினார்கள். அந்தக் காலத்தில் கடன் பெறப்பட்டிருந்தால், உறுப்பினர்களின் தீர்மானம் இருக்காது. யாருடைய கையொப்பத்தில், எந்த அனுமதியோடு என்று தனியாகக் கேட்க வேண்டும்.

"பழைய கோப்பு இல்லை" என்று சொன்னால், சட்டத்தின் 7ஆம் பிரிவைக் காட்டுங்கள். சட்டம் வந்தபோது கையில் இருந்த ஆவணங்களைக் குறைந்தது 10 ஆண்டுகளும், பின்னர் உருவாகும் ஆவணங்களைக் குறைந்தது 12 ஆண்டுகளும் பாதுகாப்பது அவர்களுடைய கடமை.

தமிழில் கேட்கலாமா?

கேட்கலாம். சப்ரகமுவவில் நிர்வாக மொழி சிங்களம். ஆனாலும் அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரையின்படி, அங்கே வாழும் ஒருவர் அதிகாரியோடு தமிழில் தொடர்புகொள்ளவும், தமிழிலேயே பதில் பெறவும் உரித்துடையவர். சட்டப்படி பெறக்கூடிய ஆவணம் ஒன்றின் மொழிபெயர்ப்பையும் கேட்கலாம். கடிதத்தின் முடிவில் இந்த உறுப்புரையைக் குறிப்பிட்டு ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

எனக்கு நடந்தது

கடிதத்தைக் கொண்டுபோனபோது முதல் கேள்வியே "எதற்கு இது?" என்பதுதான். ஒப்புகை கேட்டேன், "பிறகு அனுப்புவோம்" என்றார்கள். நான் வெளியே வந்து அதே கடிதத்தைப் பதிவுத் தபாலில் போட்டு, பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டேன். பிறகு எனக்கு உதவியது அந்தப் பற்றுச்சீட்டுத்தான்.

14 வேலை நாட்கள் கடந்தும் பதில் இல்லை. மௌனமும் மேன்முறையீட்டுக்குக் காரணம்தான். முதல் மேன்முறையீடு அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு, 14 நாட்களுக்குள் போக வேண்டும். அவர் மூன்று வாரங்களுக்குள் முடிவு தர வேண்டும். எனக்குப் பதில் வந்தது சிங்களத்தில், ஆறு கேள்விகளில் இரண்டுக்கு மட்டும். கடன் ஒப்பந்தம் "வணிக இரகசியம்" என்று எழுதியிருந்தார்கள்.

வணிக இரகசியம் சட்டத்தின் 5ஆம் பிரிவில் விதிவிலக்காக இருப்பது உண்மை. ஆனால் பொதுமக்கள் நலன் அதைவிட மேலோங்கினால் தகவலை மறுக்க முடியாது என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. அடுத்த படி, கொழும்பு பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் இயங்கும் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு. அங்கே முறையிட இரண்டு மாத அவகாசம் உண்டு. அதன் தீர்ப்பிலும் திருப்தி இல்லாவிட்டால் ஒரு மாதத்துக்குள் மேன்முறையீட்டு நீதிமன்றம் போகலாம். ஆணைக்குழுவுக்கு முறைப்பாட்டை எழுதி, அதன் பிரதியைச் சபைக்கும் அனுப்பினேன். விசாரணைத் திகதி வருவதற்கு முன்பே மிச்சத் தாள்கள் வந்துவிட்டன.

அந்தத் தாள்களில் திருட்டு எதுவும் இல்லை. கடன் வாங்கியது நகரத்தில் ஒரு கடைத்தொகுதி கட்டுவதற்கு. பாதி அறைகளை இன்னும் யாரும் வாடகைக்கு எடுக்கவில்லை. தவணை மட்டும் சபை நிதியில் இருந்து போய்க்கொண்டிருக்கிறது. தோட்டங்களின் ஏக்கர் வரியும் அந்த நிதிக்குள்தான் வருகிறது. தோட்டக் குடியிருப்புச் செலவு என்ற வரியில் மூன்று வருடங்களுக்குக் கோடு போட்டிருந்தார்கள்.

பயம் பற்றி

இதைப் படிக்கும் பலர் வன்னியிலும் வவுனியாவிலும் இருப்பீர்கள். 1977, 1981, 1983 வன்செயல்களில் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களை விட்டு அங்கே போய், பிறகு யுத்தத்தையும் சுமந்த குடும்பங்கள் உங்களில் உண்டு. அரசாங்க அலுவலகத்துக்குப் பெயரும் விலாசமும் எழுதிக் கொடுப்பது எங்கள் ஆட்களுக்குச் சின்ன விடயம் அல்ல என்பது எனக்குத் தெரியும். அந்தத் தோட்டத்திலும் முதலில் யாரும் கையொப்பம் இட விரும்பவில்லை. அதனால்தான் என் பெயரில் எழுதினேன். நீங்களும் நம்பிக்கையான ஒருவர் பெயரிலோ, ஒரு சங்கத்தின் பெயரிலோ கேட்கலாம். சங்கம் என்றால் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினராவது இலங்கைப் பிரஜைகளாக இருக்க வேண்டும். இதே சட்டமும் இதே நாட்கணக்கும் கரைச்சிப் பிரதேச சபைக்கும் பொருந்தும்.

பிரஜாவுரிமை என்ற சொல்லை எழுதும்போது கை கொஞ்சம் நிற்கிறது. 1948இல் அதைப் பறிகொடுத்து, 2003 வரை சட்டம் சட்டமாகக் காத்திருந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். இன்று அதே பிரஜாவுரிமைதான் இந்தக் கடிதத்துக்கு அடிப்படை.

கிடைத்த தாள்களைத் தமிழில் சுருக்கி எழுதி, தோட்டத்துக்கு எடுத்துப் போனேன். அந்த அக்கா கோடு போட்ட வரியை விரலால் தொட்டுப் பார்த்தார். பாதை இன்னும் திருத்தப்படவில்லை. ஆனால் அடுத்த வருட வரவு செலவுத் திட்ட வரைபைக் கேட்டு இரண்டாவது கடிதம் போயிருக்கிறது. அதை எழுதியது அவருடைய மகள். கையொப்பம் அக்காவுடையது.