மூன்றெழுத்தில் ஓர் இனம்

ஆங்கிலக் குறுக்கெழுத்துப் புதிரொன்றோடு மாணவனொருவன் என்னிடம் வந்தான். “அமெரிக்கப் பழங்குடி, மூன்றெழுத்து.” யூட் என்றேன். கட்டம் நிறைந்தது; மகிழ்ந்து போய்விட்டான். யூட் யாரென அவன் வினவவில்லை. வெட்கந்தான், நானும் கூறவில்லை.

1913இல் ஆதர் வின் நியூ யோர்க் பத்திரிகையொன்றில் தொடக்கிய இவ்விளையாட்டுக்கு உயிரெழுத்து மலிந்த குறுஞ்சொற்கள் ஓயாது வேண்டும். யூட், ஓட்டோ, ஈரி, கிரீ முதலிய இனப்பெயர்கள் கல்லிடுக்கில் அடைக்கும் சல்லிபோல வாய்த்தன.

ஈரி மக்களை 1650களில் இரோக்குவாயர் போரிற் சிதைத்தனர். அப்போரின் பின்னே நின்றது ஐரோப்பியரின் உரோமத்தோல் வாணிகம். எஞ்சியோர் பிற இனங்களிற் கலந்தனர். பெயர் ஓர் ஏரிக்கு மிஞ்சியது.

யூட் மக்களின் கதை வேறு. கொலறாடோ மலைகளில் வெள்ளி கண்ட குடியேறிகள், “யூட்டுகள் போகவேண்டும்” என்று முழங்கினர். 1881இல் அவர்களுட் பலரைப் படையினர் யூட்டாவின் வறண்ட நிலத்துக்கு விரட்டினர். அந்த மாநிலத்தின் பெயரே அவர்கள் பெயரிலிருந்து வந்ததாம்! அதே ஆண்டில் ஓட்டோ மக்களும் நெபிறாஸ்காவை விட்டு இன்றைய ஒக்லகோமாவுக்குப் பெயர்ந்தனர்.

1924இல் முதற் குறுக்கெழுத்து நூல் வெளிவந்து விற்பனையிற் கொடிகட்டிப் பறந்தது. அமெரிக்காவிற் பிறந்த பழங்குடியினர் அனைவர்க்கும் குடியுரிமை வழங்கிய சட்டமும் அவ்வாண்டினதே. எனினும் அரிசோனாவிலும் நியூ மெக்சிக்கோவிலும் அவர்கள் வாக்குரிமைக்கு 1948வரை போராட வேண்டியிருந்தது.

யூட் என்பது பிறர் வழங்கிய பெயர். தம்மை அவர்கள் நூச்சு என்பர். ‘மக்கள்’ என்பது பொருள். மறுநாள் அம்மாணவனை அழைத்து இதைச் சொன்னேன். எத்தனை எழுத்து என்று கேட்டான்.