கேலிக்கு வந்த இசைத்தட்டு

அண்ணன் தம்பிக்குக் கொடுத்த அந்த ஆல்பத்தின் பெயர் ‘சாக்ஸபோன் இண்டியன் ஸ்டைல்’. ரசிக்கட்டும் என்று கொடுத்ததல்ல, சிரிக்கட்டும் என்று கொடுத்தது. தம்பி ருத்ரேஷ் மஹந்தப்பா அப்போது பாஸ்டனில் பெர்க்லீ இசைக் கல்லூரி மாணவர், ஜாஸ் சாக்ஸபோன்காரர். 1971இல் இத்தாலியில் பிறந்து, அமெரிக்காவின் கொலராடோவில் வளர்ந்த கன்னட வீட்டுப் பிள்ளை. ஜாஸ் சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கர் மேல் பைத்தியம். இந்தியப் பையன், கையில் சாக்ஸபோன், எனவே இந்திய சாக்ஸபோன்: கேலியின் கணக்கு அவ்வளவுதான். பெயரும் அதற்குத் தோதாகவே இருந்தது. அமெரிக்கக் கடையில் அப்படி ஒரு அட்டையைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். தட்டைப் போட்டுக் கேட்டதும் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

ஊதியவர் கத்ரி கோபால்நாத். நமக்கு அவரை வேறு வழியில் தெரியும். 1994இல் வந்த பாலசந்தரின் ‘டூயட்’ படத்தில் பிரபு கையில் இருந்த சாக்ஸபோனுக்கு மூச்சு இவருடையது. இசை ஏ.ஆர். ரஹ்மான். அதற்கு முன்னால் தமிழ்ப் படத்தில் சாக்ஸபோன் கேட்டால் அடுத்த காட்சி கிளப் டான்ஸ் என்று அர்த்தம். ‘டூயட்’ அந்த வாத்தியத்துக்குக் குடும்பப் பெயர் வாங்கிக் கொடுத்தது. சென்னையிலிருந்து வருகிற சாலை திருச்சிக்கு நேராகவும் சேலத்துக்கு மேற்காகவும் பிரிகிற உளுந்தூர்பேட்டையில் பாட்டும் பேருந்தைப் போலத்தான், நின்று போகும். டீக்கடைக்காரர் போட்டது பாதி, டிரைவர் போட்டது பாதி. அந்த வருஷம் இரண்டு பேரும் ஒரே கேசட்டைப் போட்டார்கள்.

அந்த வாத்தியம் கோபால்நாத்திடம் வந்து சேர்ந்ததே சுற்றுவழியில்தான். பெல்ஜியத்தில் பிறந்த அடால்ஃப் சாக்ஸ் 1846இல் பாரிஸில் அதற்குக் காப்புரிமை பெற்றார். உடம்பு பித்தளை, ஆனால் சத்தம் பிறப்பது வாயில் வைக்கிற ஒற்றை நாணல் சீவலில். முதலில் அது ராணுவ பேண்டுக்குப் போனது. பேண்டிலிருந்து ஒரு கிளை அமெரிக்கா போய் ஜாஸ் ஆனது. இன்னொரு கிளை நம் சமஸ்தானங்களின் அரண்மனை பேண்டுகளுக்குள் நுழைந்து, சீருடை போட்டுக்கொண்டு நின்றது. மைசூர் அரண்மனை பேண்டில் அதைக் கேட்டுத்தான் கோபால்நாத் மயங்கினார். 1949இல் தென்கன்னடச் சீமையில் பிறந்தவர். அப்பா நாதஸ்வரக்காரர். அந்தக் காதோடு அவர் சாக்ஸபோனை எடுத்தார் என்பதை மறந்தால் இந்தக் கதையே புரியாது.

நாதஸ்வரத்தில் விரலுக்கும் துளைக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது. பாதி மூடலாம், கால் மூடலாம், சீவாளியில் உதட்டை இறுக்கி, மூச்சைக் கூட்டிக் குறைத்து ஸ்வரத்தை எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம். சாக்ஸபோனில் துளைக்கு மேல் மூடி, மூடிக்குச் சாவி. அழுத்தினால் ஒரு ஸ்வரம், விட்டால் வேறொன்று. தோடி காந்தாரமோ ஒரு இடத்தில் நின்றால் காந்தாரமே இல்லை. அசைந்துகொண்டே இருக்க வேண்டும். இரண்டு சாவிகளுக்கு நடுவில் இருக்கிற அந்த இடத்துக்குச் சாக்ஸபோனில் கதவே வைக்கவில்லை. கோபால்நாத் அதை உதட்டாலும் மூச்சாலும் திறந்தார். வாத்தியத்தின் சாவிகளிலும் மூடிகளிலும் தனக்குத் தோதாகச் சில மாற்றங்கள் செய்துகொண்டார். மங்களூரில் என். கோபாலகிருஷ்ண ஐயரிடமும் பிறகு சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடமும் பாடம். டி.வி.ஜி. மிருதங்கக்காரர், பாடகரும்கூட. சாக்ஸபோனைப் பாடவைக்க அப்படி ஒருவர்தான் வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன்.

1980இல் பம்பாய் ஜாஸ் விழாவில், பிரிந்துபோன இரண்டு கிளைகளும் ஒரே மேடையில் சந்தித்தன. கோபால்நாத்தைக் கேட்ட கலிஃபோர்னியா ஜாஸ் சாக்ஸபோன்காரர் ஜான் ஹேண்டி அவரோடு சேர்ந்து வாசித்தார். ஹேண்டி சாதாரண ஆளில்லை. சார்ல்ஸ் மிங்கஸ் 1959இல் பதிவு செய்த ‘மிங்கஸ் ஆ அம்’ தட்டில் வாசித்தவர். 1975இல் சரோத் மேதை அலி அக்பர் கானோடு ‘கருணா சுப்ரீம்’ என்ற ஆல்பத்தைப் பதிவு செய்தவர். ஜாஸ் பக்கம் போக நினைக்கிற கர்நாடக சங்கீத ரசிகருக்கு நான் முதலில் கொடுப்பது மிங்கஸின் அந்தத் தட்டைத்தான். லெஸ்டர் யங் என்ற சாக்ஸபோன்காரர் இறந்ததற்கு எழுதிய இரங்கல் அதில் இருக்கிறது. ஹேண்டியின் ஊதலைக் கேட்டுவிட்டு ஜாஸில் கமகம் இல்லை என்று யாரும் சாதிக்க முடியாது. 1994இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பிபிசியின் ப்ராம்ஸ் விழாவுக்குக் கோபால்நாத் போனார். ‘டூயட்’ வந்ததும் அதே வருஷம்.

பாஸ்டன் மாணவர் கைக்குப் போன தட்டில் ஒரு வேடிக்கை உண்டு. கேட்பவர்கள் இது சாக்ஸபோன் என்பதை மறக்க வேண்டும் என்பதற்காகத்தான் கோபால்நாத் அவ்வளவு உழைத்தார். சபாவில் அவரைப் பாராட்டியவர்களும் வாய்ப்பாட்டு மாதிரி இருக்கிறது என்றே பாராட்டினார்கள். மஹந்தப்பாவுக்கோ அது சாக்ஸபோன் என்பதே முக்கியம். வயலினிலோ குரலிலோ கேட்டிருந்தால் அழகு என்று சொல்லி நகர்ந்திருக்கலாம். தன் கையில் இருக்கிற அதே வாத்தியம், தான் ஒருநாளும் நினைத்துப் பார்க்காததைச் செய்கிறது. அதைக் கேட்டபின் சும்மா இருக்க முடியாது.

பின்னாளில் அவர் கோபால்நாத்தைத் தேடி வந்தார். இருவரும் சேர்ந்து செய்த ‘கின்ஸ்மென்’ என்ற ஆல்பத்தை 2008இல் நியூயார்க்கின் பை ரெக்கார்டிங்ஸ் வெளியிட்டது. பங்காளிகள் என்று தமிழில் சொன்னால் சண்டை வாடை அடிக்கும். உறவுக்காரர்கள் என்றே வைத்துக்கொள்ளலாம். வயலின் ஏ. கன்யாகுமரி, மிருதங்கம் பூவாளூர் ஸ்ரீஜி. அந்தப் பக்கம் கிடார் ரெஸ் அப்பாஸி, பாஸ், டிரம்ஸ். ஜாஸில் அடியில் ஓடுகிற ஸ்வரக்கூட்டுகள் மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாற்றத்தின் மேல்தான் கற்பனை நடக்கும். நமக்கோ சுருதி அசையக் கூடாது. இரண்டையும் ஒட்டவைக்கப் போய்ச் சேறாகிப்போன கலப்பிசைத் தட்டுகள் எவ்வளவோ உண்டு. இதில் ஆளுக்கொரு ஆலாபனைக்கு இடம் விட்டிருக்கிறார்கள். கிடாரும் பாஸும்கூட ஆலாபனை செய்கின்றன. அந்த ஏற்பாட்டில்தான் ஆல்பம் தப்பித்தது.

இதை எங்கள் ஊர்ப் பக்கம் கோயிலிலும் கல்யாணத்திலும் வாசிக்கிற நாதஸ்வரக்காரர் ஒருவருக்குப் போட்டுக் காட்டினேன். ரிசப்ஷனுக்கு இப்போது சாக்ஸபோன் கேட்கிறார்கள் என்பதால் அந்த வாத்தியத்தின் மேல் அவருக்குத் தொழில்முறைக் கோபம் கொஞ்சம் உண்டு. கண்ணை மூடிக் கேட்டார். கோபால்நாத் வரும்போது தலை ஆடியது. மஹந்தப்பா வரும்போது நின்றது. நடுவில் ஒரு இடத்தில் இரண்டு பேரும் சேர்ந்தே ஓடினார்கள், தலைக்கு எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை.

“எப்படி இருக்குண்ணே?”

“முதல் ஆள் நம்ம ஆள். ராகத்துக்குள்ள உக்காந்துட்டாரு. ரெண்டாவது பையன் உக்கார மாட்டேங்குறான், வாசல்லயே நின்னு பேசுறான். ஆனா மூச்சு இருக்கு தம்பி. அந்த மூச்சுக்கு ஆறு மாசம் எங்கிட்ட விட்டா…” என்று நிறுத்திவிட்டார்.

வாசலில் நின்று பேசுவதுதான் அவர் இசை என்று நான் வாதாடினேன். வாத்தியக்காரர் ஒப்பவில்லை. அன்று இரவு வாட்ஸாப்பில் ஒரு பதிவு வந்தது, டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி. பழைய தட்டிலிருந்து எடுத்தது. ஊசி உரசுகிற சத்தத்துக்கு நடுவில் அந்த நாதஸ்வரம். கூடவே ஒரு குரல் செய்தி: “அந்தப் பையனுக்கு யாராச்சும் இதைக் கொடுத்தாங்களான்னு கேளு.”