ஒத்தைச் செடி

ஒரு செடி அழிஞ்சு போச்சுன்னு புத்தகத்துல எழுதி மூடின பிறகு, ஒரு பள்ளிக்கூடப் பையன் அதோட கிளையை ஒடிச்சுக்கிட்டு வகுப்புக்கு வந்தான். நடந்தது 1980 வாக்கில். இடம் ரோட்ரிகஸ், மொரீஷியஸுக்குக் கிழக்கே ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்கிற சின்னத் தீவு. உள்ளூர்ச் செடிகளைத் தேடிப் பாருங்கன்னு வாத்தியார் சொல்லியிருந்தார்.

அந்தச் செடிக்கு அங்கே 'காஃபே மரோன்'னு பேரு. காட்டுக் காப்பின்னு வச்சுக்கலாம். காப்பிக் குடும்பம்தான், நம்ம இட்லிப்பூவும் நுணாவும் அதே குடும்பம். நட்சத்திரம் மாதிரி வெள்ளைப் பூ. உலகத்துல வேற எங்கேயும் கிடையாது.

எப்படி அழிஞ்சது? ஆட்டையும் மாட்டையும் கொண்டுவந்து தீவுல விட்டாங்க, காட்டை வெட்டினாங்க. ஆடு வளர்க்கிறவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேண்டாம். இத்தனைக்கும் செடிகிட்ட ஒரு தற்காப்பு இருந்துச்சு. கன்றா இருக்கும்போது இலை ஒல்லியா, பழுப்பா, காய்ஞ்ச சருகு மாதிரி இருக்கும். வளர்ந்த பிறகுதான் அகலமான பச்சை இலை. அங்கே இருந்த ராட்சத ஆமைகளை ஏமாத்தத்தான் இந்த வேஷம்னு நினைக்கிறாங்க. ஆமைகளைக் கப்பல் கப்பலா இறைச்சிக்கு அள்ளிட்டுப் போயிட்டாங்க. ஆடு இந்த வேஷத்துக்கெல்லாம் மயங்குமா?

மிஞ்சினது ஒரே ஒரு செடி. கண்டுபிடிச்சது இன்னொரு ஆபத்தாப் போச்சு. அது நாட்டு மருந்து, அதனால ஆளாளுக்கு ஒடிக்க வந்தாங்க. சுத்தி வேலி போட்டாங்க, அது பத்தாம மறுபடியும் போட்டாங்க.

1986-ல போத்து வெட்டி லண்டன் கியூ தோட்டத்துக்கு விமானத்துல அனுப்பினாங்க. ஒண்ணு வேர் விட்டுச்சு. அதுல இருந்து போத்து போத்தா எடுத்துப் பெருக்கினாங்க. ஆனா எல்லாமே அதே தாய்ச்செடிதானே? பூத்துச்சு, காய்க்கல. முருங்கை மாதிரி போத்துலயே காலம் தள்ளலாம்தான். ஆனா விதை இல்லாம புதுக் கன்று ஏது? ஒரு நோய் வந்தா எல்லாம் ஒண்ணாப் போயிடும்.

2003-ல கார்லோஸ் மக்தலேனாங்கிற தோட்டக்காரர் ஒரு வேலை பண்ணினார். பூவோட சூல்முடியைக் கத்தியால சீவிட்டு, வெட்டின இடத்துல மகரந்தத்தை வச்சார். பலமுறை தோத்து, கடைசியில ஒரு காய் பிடிச்சது. அதுல விதை இருந்துச்சு. படிச்சப்ப, பூசணிப் பூவுக்குக் காலையில கையால மகரந்தம் தடவிவிடுற நம்ம ஆளுங்க ஞாபகம்தான் வந்துச்சு.

அப்புறம் அந்த வழியில வந்த விதைகள் ரோட்ரிகஸுக்கே திரும்பப் போச்சு. முளைச்ச கன்றுகள்ல அதே பழுப்பு இலை.