அயிரை: தொட்டி வளர்ப்பு

அயிரை (லெபிடோசெபாலிக்திஸ் தெர்மாலிஸ்) இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் மணற்பாங்கான ஆறுகளிலும் குளங்களிலும் வாழும் சிறு நன்னீர் மீன். மதுரையில் குழம்புக்குப் பெயர்போன அதே மீன்தான். 1846இல் பிரெஞ்சு விலங்கியலாளர் வலென்சியன் இதை முதன்முதலில் விவரித்தது, திருகோணமலைக் கன்னியா வெந்நீரூற்றில் கிடைத்த மீனைக் கொண்டே.

தொட்டியில் வளர்க்கப் பலர் படங்களில் பார்த்து ஆசைப்படும் வியட்நாமின் செவெல்லியா போன்ற மலையோடை மீன்களுக்கு 20 முதல் 24 பாகை வரையிலான குளிர்ந்த நீரும் ஓயாத நீரோட்டமும் வேண்டும். திருகோணமலை லிங்கநகர் வெயிலில் குளிரூட்டி இல்லாமல் அது நடக்காது. அயிரைக்கு இந்தச் சூடு பழகியது. நீரில் உயிர்வளி குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கிக் குடலால் உறிஞ்சிக்கொள்ளும்.

தொட்டியின் அடியில் மென்மணல் பரப்புவது கட்டாயம். கூர்மையான சரளை அயிரையின் மீசைகளைத் தேய்த்துவிடும். பகலில் கண்கள் மட்டும் வெளியே தெரிய மணலில் புதைந்திருக்கும். மண்ணை வாயில் அள்ளி, இரையைப் பிரித்து, மிச்சத்தைச் செவுள் வழியே உதிர்க்கும். தனியே விடாமல் நாலைந்தாக வளர்ப்பது நல்லது. புழுக்களும் அடியில் தங்கும் தீவனமும் தின்னும்; பாசியை மட்டும் நம்பி விடக்கூடாது.

கண்ணுக்குக் கீழே மடங்கி நிமிரும் முள் உண்டு. அது வலையில் சிக்கும் என்பதால், இடம் மாற்றும்போது கிண்ணத்தால் அள்ளுங்கள். தொட்டிக்கு மூடியும் போடுங்கள். துள்ளி வெளியே விழும்.