புளூஸ் இசை: தேய்வும் உயிர்ப்பும்

புளூஸ் என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென் மாநிலங்களில், ஆப்பிரிக்க அமெரிக்க மக்களிடையே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவான இசை வடிவமாகும். ஜாஸ், ரிதம் அண்டு புளூஸ், ராக் அண்டு ரோல், சோல் ஆகிய இசை வகைகள் வளர்வதற்கு இது அடித்தளமாக இருந்தது. இத்தனை வகைகளுக்குத் தாயாக விளங்கிய புளூஸ் இன்று எந்நிலையில் உள்ளது என்ற கேள்வி நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகிறது. அது அழிந்துவருகிறது என்பது ஒரு சாரார் கருத்து. அது அழியவில்லை, இடமும் பெயரும்தான் மாறியுள்ளன என்பது மற்றொரு சாரார் கருத்து. இவ்விரு கருத்துகளிலும் உண்மை உண்டு. அந்த இசை பிறந்த வாழ்க்கை, அதை விற்ற சந்தை, அதைப் பாடிக் கேட்கும் மக்கள் ஆகிய மூன்றையும் தனித்தனியே நோக்கினால்தான் தெளிவு கிடைக்கும்.

தோற்றம்

1865ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆனால் விடுதலை பெற்ற மக்களில் பெரும்பாலோருக்குச் சொந்த நிலம் கிடைக்கவில்லை. அவர்கள் வெள்ளையர்களின் பருத்திப் பண்ணைகளில் வாரச் சாகுபடி செய்தனர். விதை, கருவி, உணவுப் பொருள் அனைத்தையும் பண்ணைக் கடையில் கடனாகப் பெற்றனர். ஆண்டு முடிவில் விளைச்சலின் பங்கைக் கணக்கிடும்போது பலருக்கு மிஞ்சியது கடன் மட்டுமே. கணக்கை எழுதியவர் பண்ணையார் என்பதால் அதைக் கேள்வி கேட்கவும் வழியில்லை.

இவ்வாழ்க்கையின் மையமாக இருந்த பகுதி மிசிசிப்பி டெல்டா ஆகும். பெயரைக் கொண்டு இதை ஆறு கடலில் கலக்கும் இடம் என்று எண்ணிவிடக் கூடாது. மிசிசிப்பி மாநிலத்தின் வடமேற்கே, மிசிசிப்பி ஆற்றுக்கும் யாசூ ஆற்றுக்கும் இடைப்பட்ட வண்டல் சமவெளியே இப்பெயரால் அழைக்கப்படுகிறது. வயலில் ஒருவர் உரக்கக் குரலெழுப்பிப் பாடும் தனிப்பாடல், கூட்டாக வேலை செய்வோர் பாடிய வேலைப் பாட்டு, தேவாலயப் பாடல் ஆகியவை கலந்து புளூஸ் உருவானது. டபிள்யூ. சி. ஹேண்டி என்ற இசைக்குழுத் தலைவர் 1903ஆம் ஆண்டளவில் டட்வைலர் என்ற ஊரின் தொடர்வண்டி நிலையத்தில், ஒருவர் கிதார் தந்திகளின்மேல் கத்தியை அழுத்தி வாசித்துப் பாடியதைக் கேட்டதாகத் தம் தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார். ஹேண்டி இவ்வகை இசையைத் தாளில் எழுதி அச்சிட்டு வெளியிட்ட முன்னோடிகளுள் ஒருவர். அவரது 'மெம்பிஸ் புளூஸ்' 1912இல் வெளிவந்தது.

இசை அமைப்பு

புளூசின் மிகப் பரவலான வடிவம் 12 பார் எனப்படும் தாள அளவுகளைக் கொண்டது. இதில் மூன்று அடிகள் வரும். பாடகர் முதல் அடியைப் பாடுவார். இரண்டாம் முறையும் ஏறத்தாழ அதையே பாடுவார். மூன்றாம் அடியில் அதற்கு விடையோ முடிவோ வரும். ஒவ்வோர் அடிக்குப் பின்னும் கிதார் அல்லது மவுத் ஆர்கன் மறுமொழி கூறுவதுபோல் ஒலிக்கும். துணைக்கு மூன்று கார்டுகள் போதும். சில சுரங்களை வழக்கமான இடத்திலிருந்து சற்றே தாழ்த்தியும் வளைத்தும் ஒலிப்பது இதன் தனி அடையாளம். அமைப்பு எளிமையானது என்பதால் எவரும் கற்கலாம். ஆனால் அதே அமைப்பில் தமக்கென ஒரு குரலைக் கண்டடைவது அரிது.

ஆங்கில வழக்கில் நீல நிறம் மனச்சோர்வைக் குறிக்கும். எனினும் புளூசை அழுகைப் பாட்டு என்று மட்டும் கொள்வது பிழை. காதல், கேலி, பயணம், வெள்ளம், சிறை, கடன், முதலாளியின் கொடுமை எனப் பலவும் அதன் பாடுபொருள்களாயின. நேரடியாகப் பேச முடியாததைப் பாட்டில் மறைத்துச் சொல்லும் வழியாகவும் அது பயன்பட்டது.

இசைத்தட்டுக் காலமும் முதல் வீழ்ச்சியும்

1920இல் மேமி ஸ்மித் பாடிய 'கிரேசி புளூஸ்' இசைத்தட்டு பெரும் விற்பனை கண்டது. கறுப்பின மக்களும் இசைத்தட்டு வாங்குவார்கள் என்பதை நிறுவனங்கள் அப்போதுதான் உணர்ந்தன. மா ரெய்னி, பெஸ்ஸி ஸ்மித் ஆகிய பெண் பாடகர்கள் 1923இல் இசைத்தட்டுகளில் பாடத் தொடங்கிப் புகழ் பெற்றனர். 1926 முதல் பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன் போன்ற நாட்டுப்புறக் கிதார் கலைஞர்களும், 1929இல் டெல்டாவின் சார்லி பேட்டனும் பதிவு செய்யப்பட்டனர்.

1929இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தம் இத்தொழிலை முடக்கியது. புளூஸ் இசைத்தட்டுகளுக்குப் பெயர் பெற்ற பாரமவுண்ட் நிறுவனம் மூடப்பட்டது. டெல்டாவின் ராபர்ட் ஜான்சன் 1936, 1937 ஆண்டுகளில் பதிவு செய்தவை 29 பாடல்கள் மட்டுமே. அவர் 1938இல் தம் 27ஆம் வயதில் இறந்தபோது அவரை அறிந்தவர் மிகச் சிலர். அவருடைய பாடல்களின் முழுத் தொகுப்பு 1990இல் வெளிவந்து பத்து இலட்சத்துக்கும் மேல் விற்றது. புளூசின் முடிவு அறிவிக்கப்படுவது புதிதன்று என்பதற்கு இது சான்று.

வடக்கு நோக்கிய பெயர்வு

1910 முதல் 1970 வரை ஏறத்தாழ 60 இலட்சம் ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் தெற்கிலிருந்து வடக்கு, மேற்கு நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். இனவெறிக் கொடுமையும், நகரத் தொழிற்சாலைகளில் கிடைத்த கூலியும் இதற்குக் காரணங்கள். 1944இல் கிளார்க்ஸ்டேல் நகருக்கு அருகிலுள்ள ஹாப்சன் பண்ணையில் பருத்தி எடுக்கும் இயந்திரம் மக்கள் முன்னிலையில் இயக்கிக் காட்டப்பட்டது. ஏறத்தாழ 50 பேரின் வேலையை ஒரே இயந்திரம் செய்தது. வாரச் சாகுபடி முறையின் முடிவு அப்போதே தெரிந்துவிட்டது.

மடி வாட்டர்சின் வாழ்க்கை இம்மாற்றத்தை விளக்கப் போதுமானது. 1941இல் நாட்டார் பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் அவரை ஸ்டோவால் பண்ணையில் பதிவு செய்தபோது அவர் பண்ணைத் தொழிலாளி. 1943இல் சிகாகோ சென்றார். நகர விடுதிகளின் இரைச்சலில் சாதாரணக் கிதார் எடுபடவில்லை என்பதால் மின்கிதாருக்கு மாறினார். ஹவுலிங் வுல்ஃப், லிட்டில் வால்டர், பாடலாசிரியர் வில்லி டிக்சன் ஆகியோருடன் சேர்ந்து சிகாகோ புளூஸ் என்ற புதிய மரபு உருவானது. வயல் போனபோது இசை போகவில்லை. அது தொழிற்சாலை நகரத்துக்கேற்பக் குரலை உயர்த்திக்கொண்டது.

கேட்போர் மாற்றம்

1960களில் கறுப்பின இளைஞர்கள் பெருமளவில் சோல் இசையின் பக்கம் சென்றனர். குடியுரிமைப் போராட்டம் நடைபெற்ற காலத்தில், பருத்தி வயலையும் பழைய அவமானங்களையும் நினைவூட்டிய இசை அவர்களில் பலரைக் கவரவில்லை. அதே வேளையில் வெள்ளையின இளைஞர்கள் புளூசைத் தேடி வந்தனர். 1962 முதல் அமெரிக்க நாட்டார் புளூஸ் விழா ஐரோப்பிய நகரங்களில் நடத்தப்பட்டது. இங்கிலாந்தின் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு மடி வாட்டர்சின் ஒரு பாடலிலிருந்து தன் பெயரை எடுத்துக்கொண்டது.

இதனால் முதிய கலைஞர்கள் பலருக்கு மீண்டும் மேடை கிடைத்தது. ஆனால் வருவாயும் உரிமையும் எப்போதும் உரியவரைச் சேரவில்லை. லெட் செப்பெலின் குழுவின் புகழ்பெற்ற பாடல் ஒன்று தம் பாடலைத் தழுவியது என்று வில்லி டிக்சன் 1985இல் வழக்குத் தொடர்ந்தார். 1987இல் அது சமரசமாக முடிந்தது. புளூஸ் கலைஞர்கள் தங்களுக்குரிய காப்புரிமைத் தொகையைப் பெற உதவுவதற்காக அவர் ஓர் அறக்கட்டளையையும் நிறுவினார். ஓர் இசை வாழ்கிறதா என்று கேட்கும்போது, அதைப் படைத்தவர்கள் வாழ முடிந்ததா என்றும் கேட்க வேண்டியுள்ளது.

தேய்வின் அடையாளங்கள்

புளூஸ் தேய்கிறது என்போர் காட்டும் சான்றுகள் வலுவானவை. சிகாகோவின் மேக்ஸ்வெல் தெருச் சந்தை, தெற்கிலிருந்து வந்த கலைஞர்கள் திறந்தவெளியில் பாடிய இடம். பல்கலைக்கழக விரிவாக்கத்துக்காக 1994இல் அச்சந்தை பழைய இடத்திலிருந்து அகற்றப்பட்டது. டெல்டா கிராமங்களில் ஜூக் ஜாயிண்ட் எனப்படும் எளிய இசைக் குடில்கள் இருந்தன. பண்ணையாட்கள் வார இறுதியில் குடித்து ஆடிப்பாடக் கூடிய இவ்விடங்களே புளூசின் பள்ளிக்கூடங்கள். அவற்றுள் எஞ்சியவை மிகச் சில. மெரிகோல்டு ஊருக்கு அருகில் போ மங்கீஸ் என்ற குடிலை நடத்திவந்த வில்லி சீபெரி 2016இல் இறந்ததும் அதுவும் மூடப்பட்டது.

2015இல் பி. பி. கிங் 89ஆம் வயதில் மறைந்தார். உலகெங்கும் புளூசின் முகமாக விளங்கியவர் அவர். அவருக்குப் பின் அந்த அளவுக்குப் பொதுமக்கள் அறிந்த புளூஸ் கலைஞர்கள் குறைவு. கிராமி விருதுகளில் மரபு புளூசுக்கும் சமகாலப் புளூசுக்கும் தனித்தனியே வழங்கப்பட்டுவந்த விருதுகள் 2012இல் ஒன்றாக்கப்பட்டன. 2017இல் மீண்டும் இரண்டாயின.

இன்னொரு கவலையும் உண்டு. மிசிசிப்பி அரசு 2006 முதல் புளூஸ் தொடர்பான இடங்களில் வரலாற்றுப் பலகைகளை நிறுவிவருகிறது. இவை 200ஐக் கடந்துவிட்டன. பயணிகள் வருகின்றனர், ஊர்களுக்கு ஓரளவு வருவாயும் கிடைக்கிறது. ஆயினும் டெல்டா இன்றும் நாட்டின் மிக வறிய பகுதிகளுள் ஒன்று. இறந்தவர்களுக்குப் பலகை நடுவது வாழ்பவர்களுக்கு வேலை தருவதாகாது.

உயிர்ப்பின் அடையாளங்கள்

மறுபக்கம், கிளார்க்ஸ்டேல் நகரில் 1979இல் தொடங்கப்பட்ட டெல்டா புளூஸ் அருங்காட்சியகம் பழம்பொருள்களைக் காட்சிக்கு வைப்பதோடு நிற்கவில்லை. உள்ளூர்ச் சிறுவர்களுக்கு இசை வகுப்புகளும் நடத்துகிறது. அங்குப் பயின்றவர்களுள் ஒருவர் 1999இல் பிறந்த கிறிஸ்டோன் 'கிங்ஃபிஷ்' இங்ரம். தம் வட்டாரத் தொலைபேசிக் குறியெண்ணான 662ஐத் தலைப்பாகக் கொண்ட அவரது இசைத்தொகுப்பு 2022இல் கிராமி விருது பெற்றது.

பென்டோனியா என்ற சிற்றூர் மற்றொரு சான்று. அங்குக் கிதாரைச் சோகச் சாயல் தோன்றும்படி தனி முறையில் சுருதி கூட்டுவர். ஹென்றி ஸ்டக்கி என்பவர் இதைப் பிறருக்குக் கற்பித்தார். அவர் வாசித்த இசை ஒருபோதும் பதிவு செய்யப்படவில்லை. ஆனால் ஸ்கிப் ஜேம்ஸ், ஜாக் ஓவன்ஸ் ஆகியோர் வழியாக அம்முறை ஜிம்மி 'டக்' ஹோம்சை அடைந்தது. அவர் தம் பெற்றோர் 1948இல் தொடங்கிய புளூ ஃபிரண்ட் கஃபேயைத் தொடர்ந்து நடத்தி, அம்முறையைப் பிறருக்குக் கற்பித்தும் வந்துள்ளார். அவரது தொகுப்பு ஒன்று 2021ஆம் ஆண்டின் கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. இசைத்தட்டு இல்லாமலேயே கைவழியாக ஒரு மரபு நிலைக்கும் என்பதை இது காட்டுகிறது.

பாடுபொருளும் புதுப்பிக்கப்படுகிறது. ஷெமேக்கியா கோப்லேண்ட் தம் 2020ஆம் ஆண்டுத் தொகுப்பில் 'குளோடில்டா' என்ற கப்பலைப் பற்றிப் பாடியுள்ளார். 1860இல் அடிமைகளை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த கடைசிக் கப்பலாக அறியப்படும் அதன் சிதைவு 2019இல் அடையாளம் காணப்பட்டது. 2025இல் வெளிவந்த 'சின்னர்ஸ்' திரைப்படம் 1932ஆம் ஆண்டின் கிளார்க்ஸ்டேலைக் களமாகக் கொண்டது. 1936இல் பிறந்த கலைஞர் பட்டி கய் அதில் தோன்றியுள்ளார்.

கறுப்பின மக்கள் புளூசை முற்றிலும் கைவிட்டனர் என்பதும் முழு உண்மையன்று. மிசிசிப்பியின் ஜாக்சன் நகரிலுள்ள மலாக்கோ நிறுவனம் 1980களில் இசட். இசட். ஹில் பாடிய பாடல்களால் பெரும் வெற்றி கண்டது. சோலும் புளூசும் கலந்த இவ்வகை 'சதர்ன் சோல்' என்ற பெயரில் தென் மாநிலக் கறுப்பின மக்களிடையே இன்றும் ஒலிக்கிறது. இவ்வட்டத்தில் பல பத்தாண்டுகள் பாடிய பாபி ரஷ் 2017இல் தம் 83ஆம் வயதில் முதல் கிராமி விருதைப் பெற்றார். வெளியார் கணக்கில் வராததாலேயே ஒன்று இல்லாமற்போய்விடுவதில்லை.

பிற நாடுகளில்

மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக் கலைஞர் அலி ஃபர்க்கா தூரேவின் இசைக்கும் புளூசுக்கும் உள்ள ஒற்றுமை பலரை வியக்கவைத்தது. ரை கூடருடன் அவர் இணைந்து 1994இல் வெளியிட்ட தொகுப்பு கிராமி விருது பெற்றது. சகாராவின் துவாரெக் மக்களைச் சேர்ந்த தினாரிவென் குழுவின் இசை 'பாலைவனப் புளூஸ்' என்று அழைக்கப்படுகிறது. இந்தியாவில் மேகாலயத்தின் சில்லாங் நகரைச் சேர்ந்த சோல்மேட் குழு 2003இல் தொடங்கப்பட்டது. மும்பையில் 2011இல் தொடங்கிய மகிந்திரா புளூஸ் விழாவில் பட்டி கய் உள்ளிட்டோர் பாடியுள்ளனர்.

மதிப்பீடு

புளூசைப் பெற்றெடுத்த வாரச் சாகுபடி வாழ்க்கை மறைந்துவிட்டது. அதன் மறைவு வருந்தத்தக்கதன்று. ஒரு பாட்டுக்காக மக்கள் கடனிலும் அச்சத்திலும் நீடித்திருக்க வேண்டும் என்று எவரும் கோர முடியாது. சந்தையைப் பொறுத்தவரை புளூஸ் இன்று சிறிய துறையே. அது மீண்டும் பெரும்பான்மையோர் கேட்கும் இசையாகும் என்று எதிர்பார்க்க இடமில்லை.

ஆனால் இசையின் உயிரை விற்பனையைக் கொண்டு மட்டும் அளக்க முடியாது. பழைய பாடல்களை அப்படியே ஒப்பிக்கும் கலைஞர்கள் எத்தனை பேர் இருந்தாலும் அது நினைவு மட்டுமே. இளைஞர் ஒருவர் அதே 12 பாரில் தம் ஊரையும் காலத்தையும் பற்றிப் புதிதாகச் சொல்ல முடிந்தால் அவ்விசை உயிருடன் உள்ளது எனலாம். அவ்வகையில் புளூஸ் வாழ்கிறது. ஆனால் அதன் வேர்ப்பகுதி மெலிந்துள்ளது. விழாக்களும் விருதுகளும் அதன் பெயரைக் காக்கும். கிளார்க்ஸ்டேல், பென்டோனியா போன்ற ஊர்களில் ஒரு சிறுவனோ சிறுமியோ கிதாரைக் கையில் எடுப்பதும், எடுத்தவருக்குக் கற்பிக்க ஆசிரியரும் பாட ஓர் இடமும் ஊரிலேயே கிடைப்பதுமே அதன் எதிர்காலத்தை முடிவு செய்யும்.