பாண்டிச்சேரி நம்பர்

புது கார் வாங்கப் போகிறீர்கள். 'ஃபேமிலி கார்' என்றுதான் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறீர்கள். மனசுக்குள் இருப்பது வேறு. மிதித்தால் சீறிக்கொண்டு பாயும் டர்போ பெட்ரோல் செடான்! விலை 15 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் திருத்திய கணக்குப்படி 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையிலான காருக்கு ஆயுள் வரி 18 சதவீதம். அதாவது, 2 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய். நல்ல பைக் ஒன்று வாங்கிவிடலாம்.

இந்த இடத்தில்தான் ஒரு நண்பர் முளைப்பார். "எதுக்குப்பா தண்டமா கட்டுறே? பாண்டில ரெஜிஸ்டர் பண்ணிடு!"

பாண்டியில் மட்டும் ஏன் வேறு கணக்கு? இந்தக் கேள்விக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் பதில் கிடைக்காது. கீழூருக்குப் போக வேண்டும்.

1954 அக்டோபர் 18. அந்தக் கிராமத்தில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி ஓட்டுப் போட்டார்கள். இந்தியாவோடு சேரலாம் என்றவர்கள் 170 பேர். வேண்டாம் என்றவர்கள் 8 பேர். நவம்பர் 1-ம் தேதி நிர்வாகம் கைமாறியது. ஆனால் பாருங்கள், பிரெஞ்சுக்காரர்கள் காகிதத்தில் படுநிதானம். 1956-ல் கையெழுத்தான ஒப்பந்தம், சட்டப்படி அமலுக்கு வர 1962 ஆகஸ்ட் 16 ஆகிவிட்டது. மறுவருஷம் சொந்தச் சட்டசபையோடு யூனியன் பிரதேசம். சட்டசபை வந்தால் வரி போடும் உரிமையும் வந்துவிடும் இல்லையா? சரக்கு, பெட்ரோல், வண்டி எல்லாவற்றுக்கும் தனி ரேட் பிறந்த கதை இதுதான்.

இந்தத் தனித்தன்மையை அவர்கள் லேசில் விட்டுத் தருவதாக இல்லை. 1979-ல் பிரதமர் மொரார்ஜி தேசாய், புதுவையைத் தமிழ்நாட்டோடு இணைப்பது பற்றிப் பேசினார். அவ்வளவுதான், ஊர் கொந்தளித்துவிட்டது. பேச்சு அதோடு சரி.

எல்லையும் வேடிக்கையானது. 18-ம் நூற்றாண்டில் நவாபிடமும் ராஜாவிடமும் துண்டு துண்டாக வாங்கிய கிராமங்கள் அல்லவா? சென்னையிலிருந்து ஈ.சி.ஆரில் வாருங்கள். காலாப்பட்டு, புதுச்சேரி. கொஞ்ச தூரத்தில் பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம், மறுபடி தமிழ்நாடு. அதைத் தாண்டினால் முத்தியால்பேட்டை, மறுபடி புதுச்சேரி. உங்கள் செடான் நாலாவது கியரிலிருந்து இறங்குவதற்குள் அரசாங்கம் மாறிவிடும்.

நண்பரின் யோசனைக்கு வருவோம். 2017-ல் கேரளத்தில் இதே யோசனை பெரிய ரகளையானது. சினிமா பிரபலங்கள் சிலரின் சொகுசு கார்கள் புதுச்சேரி முகவரியில் பதிவாகியிருப்பதாகச் செய்தி வந்தது. அங்கே ஒரு கோடி ரூபாய் காருக்கு வரி மட்டும் பல லட்சம். இங்கே அதில் சிறு பங்கு. முகவரியில் நிஜமாகவே குடியிருந்தார்களா என்று போலீஸ் தோண்ட ஆரம்பித்தது. ஒரு நடிகர் கேரளத்திலேயே வரியைக் கட்டினார்.

ஏனென்றால், வரி ரேட்தான் ஊருக்கு ஊர் மாறும். 1988-ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டம் மாறாது. நீங்கள் குடியிருக்கும் இடம் அல்லது தொழில் செய்யும் இடம், அதிலும் வண்டி வழக்கமாக நிற்கும் இடம் எதுவோ, அங்கேதான் பதிவு செய்ய வேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அந்த ஊர் நம்பர் வாங்கியாக வேண்டும். அதற்குப் பழைய ஊரின் தடையில்லாச் சான்று வேண்டும். புது ஊரில் வரியும் கட்ட வேண்டும். மிச்சம் பிடித்ததாக நினைத்த பணம் எங்கே போகும் என்று கூட்டிக் கழித்துப் பாருங்கள். பொய் முகவரி கொடுத்திருந்தால் வரியோடு போகாது, கேஸும் வரும். கையிலேயே எடுத்து வைத்துவிடுங்கள் அந்த 2.70 லட்சத்தை.

நிஜமாகவே லாஸ்பேட்டையிலோ முதலியார்பேட்டையிலோ குடியிருக்கிறவர் என்றால் விஷயமே வேறு. அவருக்கு இது சலுகை இல்லை, உள்ளூர் வரி. பி.ஒய். நம்பரோடு ஜம்மென்று ஓட்டலாம். என்ன, கோரிமேட்டைத் தாண்டியதும் செக்போஸ்ட்டில் கை காட்டி நிறுத்துவார்கள். எத்தனை குதிரைசக்தி என்றெல்லாம் கேட்க மாட்டார்கள். "டிக்கியைத் திறங்க சார்!"